மூடியில் எழுதியிருக்கும் இலக்கம்

தம்பி கைத்தொலைபேசியை நீட்டினான். என்ஜினுக்கு ஒயில் ஊற்றும் மூடியின் படம். கறுப்பு மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் 0டபிள்யூ-16 என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அவன். வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பிறகு ஜப்பானிலிருந்து வந்த ஒரு ரொயோட்டாவை லீசிங்கில் எடுத்திருக்கிறான். அவனுடைய அப்பா இருபது வருடம் டொல்பின் வேன் ஓடியவர். 20டபிள்யூ-50 ஒயிலை 3,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றிப் பழகியவர். "தண்ணி மாதிரி ஒயிலை ஊத்தினா என்ஜின் பிடிச்சுப் போகும்" என்கிறாராம். கராஜில் எந்த வாகனத்துக்கும் 5,000 என்கிறார்கள். வாகனத்தோடு வந்த ஜப்பானியப் புத்தகத்தைத் தொலைபேசியால் மொழிபெயர்த்துப் பார்த்தால் 15,000 என்று நிற்கிறது.

"மாமா, இதில ஆருடைய சொல்லைக் கேக்கிறது?"

உட்துறைமுக வீதியில் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் கடையில் இரண்டு பிளேன்ரீ சொன்னேன். ஒரு தேத்தண்ணியில் முடிகிற கதையல்ல இது. திருகோணமலையில் வாகனம் வைத்திருக்கும் பலருக்கும் இப்போது இதே குழப்பம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. ஐந்து வருடம் புது மொடல் எதுவும் நம் கராஜ்களுக்குள் வரவில்லை. அந்த ஐந்து வருடத்தில் ஜப்பான்காரன் தன் என்ஜினையும் ஒயிலையும் மாற்றிக்கொண்டே இருந்தான். இப்போது எல்லாம் ஒன்றாக வந்து இறங்குகிறது.

அப்பாவின் 3,000த்திலிருந்து தொடங்கினேன், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் மற்றவை விளங்கும். பழைய பெற்றோல் வாகனங்களில் காபரேற்றர் இருந்தது. காலையில் சோக்கை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினால் தேவைக்கு அதிகமாகப் பெற்றோல் இறங்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலுக்குள் போகும். அந்தப் பெற்றோலில் ஈயமும் கலந்திருந்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002 நடுப்பகுதியில்தான். ஈயத்தின் கழிவும், அதை வெளியேற்றச் சேர்த்த இரசாயனங்கள் உண்டாக்கிய அமிலமும் ஒயிலிலேயே தங்கின. டீசல் வேனில் கந்தகம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்க ஒயிலில் ஒரு மருந்து சேர்த்திருப்பார்கள்; அது தீர்ந்தால் ஒயிலின் வேலை முடிந்தது. கந்தகம் கூடிய டீசல், கரி, சாதாரண கனிம ஒயில் மூன்றும் சேர்ந்த இடத்தில் 3,000 என்பது அனுபவம் தந்த கணக்கு. அந்த வேனுக்கு அது சரி.

யாழ்ப்பாணத்தில் 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது நினைவிருக்கும். சில துளி பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்யும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் குச்சியை இழுத்து மணந்து பார்த்தே ஒயில் கெட்டதைச் சொல்வார்கள். அப்படிப் பழகிய கைகள்தான் வடக்கு கிழக்கில் இன்றைய பல மெக்கானிக்குகளைப் பழக்கின. ஒயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும் அவர்களுடைய அவசரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை மதிக்கிறேன்.

அதற்கும் முன்னால் போனால் கணக்கு இன்னும் சுருங்கும். நாங்கள் இருந்த கடைக்கு எதிரே, தண்ணீருக்கு அப்பால் சீனக்குடா. வெள்ளைக்காரன் தன் கடற்படைக்குக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் அங்கே காட்டுக்குள் நிற்கின்றன. அவை எழும்பிய 1930களில் கார்களுக்கு ஆயிரம், இரண்டாயிரம் மைலுக்குள் ஒயில் மாற்றச் சொன்னார்கள். பல என்ஜின்களில் ஒழுங்கான ஒயில் பில்ற்றர் இல்லை. அழுக்கைப் பிடித்து மிதக்க வைக்கும் கழுவு மருந்தும் ஒயிலில் இல்லை. இன்று லங்கா ஐஓசி அதே சீனக்குடாப் பக்கத்தில் சேர்வோ ஒயிலைக் கலந்து அடைக்கிறது. 'கலந்து' என்பதுதான் முக்கியமான சொல். அடிப்படை எண்ணெய் ஒரு பங்கு, அதில் சேர்க்கும் மருந்துகள் இன்னொரு பங்கு. ஒரு ஒயில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கழுவு மருந்து என்றதும் தம்பி, "அப்ப ஒயில் கறுத்தா கெட்டுப்போச்சு எண்டுதானே அர்த்தம்?" என்றான். இல்லை. கறுப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளம். டீசல் என்ஜினில் புது ஒயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். விரலில் தொட்டு நிறம் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

சரி, ஏன் தண்ணிபோல ஒயில்? 'டபிள்யூ' என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. ஹொக்கைடோவில் பனி பெய்யும்போது 0 தேவை. நம் ஊரில் மார்கழி மழையிலும் அந்த எண்ணுக்குப் பெரிய வேலையில்லை. பின்னால் உள்ள எண்தான் நமக்கு முக்கியம்: என்ஜின் சூடானபின் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பது அது. 50 தடிப்பு; 20, 16 மெல்லியது. இப்போதைய என்ஜின்களில் பெயரிங்குகளுக்கு இடையே விடும் இடைவெளி நுணுக்கமானது. ஒயில் பம்பும் அதற்கேற்ப அமைந்தது. விவிரி-ஐ என்று ரொயோட்டா பெயர் வைத்திருக்கும் அமைப்பு வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது ஒயிலின் அழுத்தத்தால்தான். அந்த ஒயில் நூல்போன்ற வழிகளுக்குள்ளால், சிறு வலைக்குள்ளால் போகவேண்டும். அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் போய்ச் சேரத் தாமதமாகும், எரிபொருளும் கூடச் செலவாகும். மூடியில் உள்ள எண் அந்த என்ஜினை அளந்து வடிவமைத்தவர்கள் எழுதியது. கடையில் 0டபிள்யூ-16 கிடைக்காத அவசரத்தில் 0டபிள்யூ-20 ஊற்றலாமா என்பதைப் புத்தகம் பார்த்து முடிவெடுக்கலாம். பல புத்தகங்கள் அதை அனுமதித்து, அடுத்த முறை பழையபடி குறித்த ஒயிலுக்குத் திரும்பச் சொல்கின்றன. 50க்குப் போக எந்தப் புத்தகமும் இடம் தராது. போத்தலில் ஏபிஐ எஸ்பி என்ற எழுத்தையும் பார்க்கவேண்டும். அது 2020இல் வந்த தரம். அதற்கு முந்திய எஸ்என் 2010இல் வந்தது.

அடுத்ததாக ஒரு பெயர்க் குழப்பம். நம் ஆட்கள் "கொரொல்லாவுக்கு என்ன ஒயில்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. கொரொல்லா 110, 121, 141, 161 என்று நாம் இலக்கத்தால் கூப்பிடும் நான்கும் உள்ளே வேறு வேறு வாகனங்கள். 1990களின் 110இல் ரைமிங் பெல்ற் இருந்தது. 1,00,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டும். 2000இல் வந்த 121இன் 1என்இசட் என்ஜினில் பெல்ற் போய்ச் செயின் வந்தது. 2006இல் வந்த 141 அக்சியோவில் மின்சார ஸ்ரியரிங், ஆகவே பவர் ஸ்ரியரிங் ஒயில் என்ற ஒன்றே இல்லை. அல்ரோவும் இப்படித்தான். இந்தியாவிலிருந்து வந்த அல்ரோ 800இன் என்ஜினுக்குப் பெல்ற், கே10க்குச் செயின், ஜப்பான் அல்ரோவுக்கும் செயின். பெயர் ஒன்று, போனெற்றுக்குள் மூன்று.

டொல்பினில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1,00,000 ஓடியதும் டாஷ்போட்டில் 'ரீ-பெல்ற்' என்று ஒரு விளக்கு எரியும். தம்பியின் அப்பாவுக்கு அது தெரியும். மீற்றர் சுற்றிய வேன்களில் அந்த விளக்கையும் நம்பமுடியாமல் போனது வேறு கதை. பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி என்ஜின் போய்விடும் என்ற பயத்தில் அதை ஒழுங்காக மாற்றினார்கள். செயினுக்கு அப்படி விளக்குமில்லை, தவணையுமில்லை. "மாத்தத் தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அரைவாசிதான் உண்மை. செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஒயில் கெட்டிப்பட்டுச் சேறானால் ரென்சனர் தளரும், செயின் நீளும், சத்தம் வரும். பெல்ற்றின் தவணை மறைந்தபோது அந்தப் பொறுப்பு முழுவதும் ஒயிலின் தலையில் ஏறியது.

கியர் பொக்ஸ் விஷயத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். என்னிடம் ஒரு விற்ஸ் இருந்தது. ஒரு சேர்விஸ் நிலையத்தில் கியர் ஒயில் மாற்றக் கொடுத்தேன். 'விற்ஸ்தானே' என்று சிவப்பு ரீ-4 ஒயிலை ஊற்றிவிட்டார்கள். 1999இல் வந்த முதல் விற்ஸின் ஓட்டோமற்றிக் கியருக்கு அது சரியான ஒயில். என்னுடையது 2005க்குப் பிந்தியது; உள்ளே இருந்தது சிவிரி. அதில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கு இடையே இறுகிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பட்டி வழுக்காமல் பிடிக்கும் உராய்வைத் தருவதே அதன் ஒயில்தான். அதற்கு ரொயோட்டா முதலில் 'ரிசி' என்றும், பிறகு வந்த மொடல்களுக்கு 'எப்ஈ' என்றும் தனி ஒயில் வைத்தது. ஒரு மாதத்துக்குள் வாகனம் இழுக்கும்போது அதிரத் தொடங்கியது. உடனே வடித்துச் சரியான ஒயிலை இரண்டு தரம் ஊற்றிக் கழுவியும் பழைய மென்மை திரும்பவில்லை. ஹொண்டாவின் எச்சிஎப்-2, நிசானின் என்எஸ்-3, சுசுகியின் கிறீன்-2 எல்லாமே இப்படி ஒன்றையொன்று மாற்ற முடியாதவை. பூட்டிய கியர் பொக்ஸ், ஒயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நம் வெயிலிலும் சுமையிலும் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதற்குரிய ஒயிலால் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

இதற்குள் இரண்டாவது தேத்தண்ணி வந்துவிட்டது.

கூலன்ட்டில் நடக்கும் தவறு வேறு விதமானது. முன்பு ரொயோட்டாவில் இருந்தது சிவப்பு நீர். இரண்டு வருடத்தில் மாற்றவேண்டும். 2003, 2004 அளவில் இளஞ்சிவப்பு நீர் வந்தது. ஜப்பானியப் புத்தகம் முதல்முறை 7 வருடம் அல்லது 1,60,000 கிலோமீற்றர், அதன்பின் 4 வருடம் அல்லது 80,000 என்கிறது. இந்த 'முதல்முறை' என்ற சொல்லை நம் ஆட்கள் தவறவிடுகிறார்கள். அது தொழிற்சாலையில் சுத்தமான குழாய்களுக்குள் ஊற்றிய நீருக்குத் தரும் தவணை. சில வருடம் ஜப்பானில் ஓடி வந்த வாகனத்தில் அதில் பாதி போயிருக்கும். நடுவில் எப்போதாவது வடித்துக் கடைப் பச்சைப் போத்தலை ஊற்றியிருந்தால் ஏழு வருடக் கணக்கு அத்தோடு செத்தது; அந்தப் போத்தலின் கணக்குத்தான் இனி. இளஞ்சிவப்பு நீர் ஏற்கனவே தண்ணீர் கலந்து வருவது, அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை இனியாவது விடவேண்டும். கடலோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணமும் பழைய செப்பு ரேடியேற்றரில் படிந்தாலும் கழுவி எடுத்தார்கள். இப்போதைய அலுமினிய ரேடியேற்றரை அது அரித்துத் தின்னும். நிறத்தைப் பார்த்து வாங்குவதும் ஆபத்து. நிறம் வெறும் சாயம். ஒரே பச்சை நிறத்தில் பல சேர்மானங்கள் விற்கிறார்கள்.

"அப்ப அந்த 15,000?" என்று தம்பி விடாமல் கேட்டான். கேட்கவேண்டிய கேள்விதான். அதே புத்தகத்தில் அதே வரிக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் இருக்கிறது. தொலைபேசி மொழிபெயர்ப்பில் அது கண்ணில் படுவதில்லை. கடுமையான பாவனைக்கு 7,500 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். சாதாரண பாவனைக்குத்தான் 15,000 அல்லது 1 வருடம். டேர்போ என்றால் சாதாரண பாவனைக்கே 5,000தான். கடுமையான பாவனை எது என்றும் எழுதியிருக்கிறார்கள்: ஒரு தரத்துக்கு 8 கிலோமீற்றருக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது, என்ஜினை ஓடவிட்டு நிற்பது, மெதுவாக ஊர்வது, மண் பாதை, மலைப் பாதை. உவர்மலையிலிருந்து சந்தைக்கும், பள்ளிக்கூட வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரமும், பிறகு வீட்டுக்கும் ஓடுகிற வாகனம் எந்த நிரலில் வரும் என்று அவனையே கேட்டேன். யோசித்துவிட்டுச் சிரித்தான்.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். நம் வெப்பம் ஒயிலுக்கு எல்லா விதத்திலும் கேடு செய்வதில்லை. இங்கே என்ஜின் சீக்கிரம் சூடாகும். ஒயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும். அந்த வகையில் ஜப்பானின் பனிக்காலத்தைவிட நமக்கு நல்லது. கெடுப்பது நின்றபடி ஓடுவதும் தூசியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ ஓடிவிட்டு எயார் பில்ற்றரைக் கழற்றிப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள தவணையைவிட முந்தி மாற்றவேண்டியது அதுதான். கொழும்புக்கு வாரம் ஒருமுறை போய்வருகிற வாகனத்துக்கு 7,500 தாராளமாகப் போதும். நகருக்குள்ளேயே சுற்றுகிற தம்பியின் வாகனத்துக்கு 5,000 அல்லது 6 மாதம், எது முந்தியோ அது. கராஜ்காரர் சொன்ன எண்ணில்தான் நானும் வந்து நிற்கிறேன். ஒயிலின் இலக்கம் மட்டும் மூடியில் உள்ளபடி இருக்கவேண்டும்.

மாதக் கணக்கை நாம் 2022இல் பட்டுத் தெரிந்துகொண்டோம். எரிபொருள் வரிசையில் வாகனங்கள் நாள்கணக்கில் நின்றன. பிறகு கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கினார்கள். ஒரு வருடத்தில் இரண்டாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாத கார்கள் எத்தனையோ. "ஓடவே இல்லையே, ஏன் ஒயில் மாத்தவேணும்?" என்று விட்டார்கள். ஓடாத ஒயிலிலும் ஈரமும் அமிலமும் இருக்கின்றன. அவ்வப்போது வரிசையில் நாலடி நகர்த்த ஸ்ரார்ட் பண்ணி அணைத்தது எல்லாவற்றையும்விட மோசமான பாவனை.

ஓட்டோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரூ-ஸ்ரோக் காலத்தில் ஒயிலைப் பெற்றோலோடு கலந்து எரித்தோம். தவணை என்று ஒன்று இருக்கவில்லை. போர்-ஸ்ரோக்கில் என்ஜினுக்குக் கீழே ஒயில் தங்குகிறது, கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைந்து ஓடுகிறது. கார் மெக்கானிக் மிச்சம் தந்தார் என்று 0டபிள்யூ-20 கார் ஒயிலை ஊற்றினால், எரிபொருள் மிச்சம் பிடிக்க அதில் சேர்த்த வழுக்கு மருந்து கிளச்சையும் வழுக்க வைக்கும். நனையும் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்பதற்குப் போத்தலில் ஜாசோ எம்ஏ என்று இருக்கவேண்டும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஏசிக்குக் காஸ் அடிக்கப் போகும்போது வாய் திறந்து கேட்கவேண்டிய ஒன்று உண்டு. சாதாரண காரின் ஏசி கொம்பிறசரில் போடுவது பிஏஜி ஒயில். ஹைபிரிட்டின் கொம்பிறசரோ உயர் மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டார். அதற்கு என்டி-11 என்ற மின் கடத்தாத ஒயில்தான். பிஏஜி கொஞ்சம் கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, வாகனம் பிழை விளக்கைப் போட்டுவிடும். ஒரே இயந்திரத்தால் எல்லாக் கார்களுக்கும் காஸ் அடிக்கும் இடங்களில் அந்தக் குழாய்க்குள் பழைய ஒயில் மிச்சம் நிற்கும்.

இத்தனையும் மாறிய காலத்தில் மாறாத ஒன்றும் இருக்கிறது. பிரேக் ஒயில் அன்றும் இரண்டு வருடம், இன்றும் இரண்டு வருடம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடல் ஊரில் கேட்கவே வேண்டாம். டொட்-3 ஒயில் புதிதில் 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். திருகோணமலைச் சமதரையில் அது தெரியாது. நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போய் இறங்கும்போதுதான் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். வாகனத்துக்கு உயிர் கொடுக்கும் ஒயிலைப்பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் உயிரைப் பிடித்து நிறுத்தும் இந்த ஒயிலை மறந்துவிடுகிறோம். அதை மாற்ற ஆகும் செலவும் கொஞ்சம்தான்.

தம்பி எழும்பும்போது அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டான். அவருடைய வேனுக்கு அவர் செய்தது முழுச்சரி என்று முதலில் சொல்லச் சொன்னேன். பிறகு மூடியைக் கழற்றிக் கையில் கொடுக்கச் சொன்னேன்.

கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். சேர்விஸ் முடிந்ததும் கண்ணாடியில் ஒட்டும் ஸ்ரிக்கரில் அடுத்த கிலோமீற்றரை மட்டும் எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே திகதியையும், ஊற்றிய ஒயிலின் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். கூலன்ட், கியர் ஒயில், பிரேக் ஒயில் மாற்றினால் அவற்றையும் எழுதுங்கள். வாகனத்தை அடுத்து வாங்குபவர் எதை ஊற்றியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.